தொலைக்காட்சியின் மாத்திரைக் கணக்கு

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் படத்தை நிலைநிறுத்துவதற்கென்றே இரண்டு குமிழ்கள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் கடைவீடுகளிலும் அப்பெட்டிகளைக் கண்டு வளர்ந்தோர் அவற்றை மறந்திருக்கமாட்டார்கள். செய்தி வாசிப்பவரின் முகம் திடீரென மேல்நோக்கி உருளத் தொடங்கும். தலை திரையின் அடியிலும் மார்பு திரையின் உச்சியிலுமாகப் பிரிந்து நிற்கும். சில வேளைகளில் படம் முழுவதும் சாய்கோடுகளாய்ச் சிதறிவிடும். வீட்டில் ஒருவர் எழுந்து சென்று குமிழை மெல்லத் திருப்ப, ஓடிய படம் நின்று நிலைபெறும்.

படம் உருண்ட அந்நேரத்திலும் ஒலி தெளிவாகவே கேட்டது. முகத்தின் ஒளியும் நிழலும் குறைவின்றியே வந்துகொண்டிருந்தன. குறைந்துபோனது ஒன்றே. ஒரு படம் எங்கே முடிகிறது, அடுத்த படம் எங்கே தொடங்குகிறது என்னும் கணக்கைப் பெட்டி தவறவிட்டது. அக்கணக்கை ஒளிபரப்பு நிலையத்திலிருந்து வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் மின்துடிப்புகளே ஒத்தியக்கக் குறிகள் எனப்படும்.

கால அளவால் பொருளை வேறுபடுத்துதல் தமிழ் பயின்றோர்க்குப் புதிய செய்தியன்று. கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டது தொல்காப்பியம். ‘படம்’ என்னும் சொல்லுக்கும் ‘பாடம்’ என்னும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மாத்திரையே. அந்த ஒரு மாத்திரையைக் கேட்பவர் தவறவிட்டால் பொருள் மாறிவிடும். தொலைக்காட்சியும் இத்தகைய ஓர் அளவின்மீதே நிற்கிறது.

உருளும் படத்தைத் திருத்தும் குமிழ்கள் மறைந்து நெடுநாள் ஆகிவிட்டது. ஆயினும் ஒத்தியக்கக் குறியின் வரலாற்றை இன்று அறிந்துகொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களின் திருமணங்களும், கோயில் விழாக்களும், பள்ளி நிகழ்ச்சிகளும் பதிவான வீடியோ நாடாக்கள் இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்ற முற்படும்போது முதலில் தடுமாறுவது இந்தக் குறியே. இதனை அறியாதவர்கள், நாடாவில் படமே அழிந்துவிட்டது என்று எண்ணி அதனைக் குப்பையில் சேர்த்துவிடுகின்றனர்.

கடிகாரத் தொழிலர் கண்ட வழி

படத்தை மின்சாரத்தின் வழியே தொலைவுக்கு அனுப்பலாம் என்று முதன்முதல் எண்ணியவர் ஓவியரும் அல்லர்; புகைப்படக்காரரும் அல்லர்; கடிகாரம் செய்பவர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1843-ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு ஊசல்கள் ஒரே கதியில் ஆட வேண்டும். ஒரு முனையிலுள்ள ஊசலில் பொருத்திய முள் உலோக எழுத்துகளின்மேல் உராய்ந்து செல்லும். மறுமுனையிலுள்ள முள் வேதிப்பொருள் தோய்த்த தாளின்மேல் செல்லும். ஊசல் ஒவ்வொரு முறை ஆடும்போதும் ஒரு வரி உருவாகும். இதுவே பெயினின் திட்டம்.

இத்திட்டத்தின் உயிர்நிலை எது? முள்ளும் அன்று, தாளும் அன்று. இரண்டு ஊசல்களும் ஒன்றையொன்று பிரியாது ஆடுவதே அதன் உயிர்நிலை. ஒன்று சற்றே முந்தினாலும் வரிகள் சாய்ந்து எழுத்து உருக்குலையும். பின்னர் இத்தாலியரான ஜொவான்னி கசெல்லி பெரிய ஊசல்களைக் கொண்ட கருவி ஒன்றை அமைத்தார். அதன்வழி 1865-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கும் லியோன் நகருக்கும் இடையே கையெழுத்தையும் படத்தையும் அனுப்பும் சேவை தொடங்கியது.

அசையும் படத்துக்கு இவ்வேகம் போதாது. 1884-ஆம் ஆண்டில் பெர்லினில் மாணவராயிருந்த பால் நிப்கோ, சுருள்வடிவில் துளையிட்ட ஒரு சுழல்தட்டைக் கொண்டு காட்சியை வரிவரியாக வருடலாம் என்று காட்டினார். அத்தட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜான் லோகி பெயர்டு. அவர் 1926-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் இலண்டனில் அறிஞர் குழு ஒன்றுக்குத் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டினார். அவருடைய படத்தில் 30 வரிகளே இருந்தன. அம்முறை பின்னர் மேம்பட்டபோதும் நொடிக்குப் பன்னிரண்டரைப் படங்களே தோன்றின. அனுப்பும் இடத்துத் தட்டும் பெறும் இடத்துத் தட்டும் ஒரே வேகத்தில் சுழலவேண்டும் என்பதே அவருக்கும் பெருஞ்சிக்கலாய் இருந்தது.

பெயர்டின் முயற்சிகளுள் ஒன்று இங்கே தனித்துக் குறிப்பிடத்தக்கது. அவர் 1927, 1928-ஆம் ஆண்டுகளில் தொலைக்காட்சிக் குறியை இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தார். உலகின் முதல் வீடியோப் பதிவுகள் அவையே எனலாம். ஆனால் தட்டின் சுழற்சியில் ஏற்பட்ட சிறு தடுமாற்றங்கள் வரிகளின் காலக் கணக்கைக் குலைத்துவிட்டன. ஆகவே அவற்றைத் திரும்பப் படமாகக் காண அக்காலத்தில் இயலாது போயிற்று. 1980-களில் தொடங்கி, டொனால்டு மெக்லீன் என்னும் பொறியாளர் அத்தட்டுகளின் ஒலியைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு வரியும் தொடங்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டுத் திருத்தினார். அரை நூற்றாண்டுக்கு மேல் புதைந்து கிடந்த முகங்கள் வெளிப்பட்டன. படம் அழிந்திருக்கவில்லை, அதன் தாளமே குலைந்திருந்தது. இவ்வுண்மை பின்னர் வரும் செய்திகளுக்கும் பொருந்தும்.

கருமையினும் கருமை

1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயர்டின் 240 வரி முறையும் மார்க்கோனி–ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறையும் அங்கே போட்டியிட்டன. 1937-இன் தொடக்கத்திலேயே பெயர்டின் முறை கைவிடப்பட்டது. ஐசக் ஷோன்பர்க் தலைமையில் இயங்கிய ஈ.எம்.ஐ. குழுவினரின் முறையில் சுழல்தட்டு இல்லை. மின்னணுக் கற்றையே திரையை வருடியது. அவர்கள் படத்தையும் ஒத்தியக்கத் துடிப்பையும் ஒரே மின்குறிக்குள் அடக்கினர்.

எவ்வாறு அடக்கினர் என்பதே அழகு. திரையில் வெண்மைக்கு ஒரு மின்னழுத்தம், கருமைக்கு ஒரு மின்னழுத்தம். ஒத்தியக்கத் துடிப்போ கருமைக்கும் கீழே வைக்கப்பட்டது. கருமையினும் கருமையான ஒன்றைக் கண் காணாது. கருவி மட்டுமே உணரும். பின்னாளில் நிலைபெற்ற அளவின்படி, ஒரு வோல்ட் மின்குறியில் பத்தில் ஏழு பங்கு படத்துக்கும், பத்தில் மூன்று பங்கு எவரும் காணாத இத்துடிப்புக்கும் ஒதுக்கப்பட்டன.

1950-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் உருவாகிப் பிறகு மலேசியாவும் ஏற்றுக்கொண்ட 625 வரி முறையில் இக்கணக்கு பின்வருமாறு அமைந்தது. நொடிக்கு 25 முழுப் படங்கள். எனவே நொடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ நொடி. மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்துலட்சத்தில் ஒரு பங்கு. அந்த 64-இல் 52 மைக்ரோ நொடியே படத்துக்கு உரியது. எஞ்சிய 12-இல் கற்றை ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. இப்பன்னிரண்டின் நடுவே 4.7 மைக்ரோ நொடி நீளமுள்ள துடிப்பு நிற்கிறது. துடிப்புக்கு முன்னும் பின்னும் சிறு ஓய்விடங்கள் உள்ளன. ஆங்கிலப் பொறியாளர் அவற்றை வீட்டின் திண்ணைப் பெயராலேயே அழைத்தனர். முன்திண்ணை ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோ நொடி. பின்திண்ணை ஏறத்தாழ ஐந்தேமுக்கால்.

வரி முடிந்ததைச் சொல்லும் துடிப்பையும் படமே முடிந்ததைச் சொல்லும் துடிப்பையும் பெட்டி எவ்வாறு பிரித்தறியும்? இரண்டும் ஒரே உயரம் உடையவை. வேறுபாடு நீளத்தில்தான். வரித் துடிப்பு 4.7 மைக்ரோ நொடி. படத்துடிப்பு ஒவ்வொன்றும் 27.3 மைக்ரோ நொடி. முன்னது குறில், பின்னது நெடில் என்று கொள்ளலாம். நெடில்களுக்கு முன்னும் பின்னும் 2.35 மைக்ரோ நொடி நீளமுள்ள குறுந்துடிப்புகள் ஐந்தைந்து வருகின்றன. அவை வரித் துடிப்பில் சரிபாதி; குற்றியலுகரம் ஒலிக்கும் அரை மாத்திரை நினைவுக்கு வருகிறது. விகிதங்கள் இலக்கணத்தில் உள்ளவை போன்றவை அல்ல எனினும், கால அளவால் பொருளுணர்த்தும் நெறி ஒன்றே.

405, 525, 625 என்று வரிகளின் எண்ணிக்கை ஏன் இவ்வாறு அமைந்தது என்று சிலர் வியப்பதுண்டு. ஒரு முழுப் படம் ஒற்றை வரிகளாகவும் இரட்டை வரிகளாகவும் இரண்டு அரைப்படங்களில் பின்னப்படுகிறது. அவ்வாறு பின்னுவதற்கு மொத்த வரிகள் ஒற்றை எண்ணாக இருத்தல் வேண்டும். அன்றியும், ஒரு தலைமைத் துடிப்பைச் சிறு எண்களால் படிப்படியாக வகுத்தே வரித் துடிப்பும் படத்துடிப்பும் பெறப்பட்டன. 405 என்பது நான்கு மூன்றுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்த பெருக்கம். அமெரிக்காவின் 525 என்பது மூன்று, ஐந்து, ஐந்து, ஏழு ஆகியவற்றின் பெருக்கம். 625 என்பது ஐந்தை நான்கு முறை பெருக்கியது. வாய்பாடு படித்த சிறுவனும் இதனைச் சரிபார்க்கலாம்.

கோலாலம்பூரில் அத்துடிப்பு

மலேசியாவில் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபமே அதன் முதல் நிலையம். நாட்டின் நாடாளுமன்றம் 1959-இல் முதன்முதலாகக் கூடியதும் அம்மண்டபத்தில்தான். பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். படம் கறுப்பு வெள்ளை, வரிகள் 625, நொடிக்கு 50 அரைப்படங்கள்.

ஐம்பது என்னும் எண் தற்செயலாக வந்ததன்று. வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று அலைவது. 1949-இல் அமைந்த மத்திய மின்சார வாரியம், 1953-இல் கிள்ளானில் கொனாட் பாலம் மின்நிலையத்தை இயக்கத் தொடங்கியது. அந்நிலையமும் ஐம்பது சுற்று மின்சாரத்தையே வழங்கியது. தொலைக்காட்சியின் அரைப்படங்களும் அதே எண்ணிக்கையில் அமைந்தால், மின்வழங்கலால் திரையில் விழும் நிழற்பட்டை ஓடாமல் ஏறத்தாழ ஓரிடத்தில் நிற்கும், கண்ணை உறுத்தாது. ஆகவே திரையின் தாளத்துக்கும் மின்நிலையத்துச் சுழலியின் தாளத்துக்கும் உறவு ஏற்பட்டது. அமெரிக்காவில் மின்சாரம் அறுபது சுற்று. அங்கே அரைப்படங்களும் அறுபது என்றே தொடங்கின.

1969-ஆம் ஆண்டு அக்டோபரில் தொலைக்காட்சி அங்காசாபுரிக்குக் குடிபெயர்ந்தது. நவம்பர் 17-ஆம் நாள் இரண்டாம் அலைவரிசையும் பிறந்தது. பிரிக்பீல்ட்ஸ் அருகிலுள்ள கே.எல். சென்ட்ரலில் ஏறிக் கிள்ளானுக்குச் செல்லும் இரயில், வழியில் அங்காசாபுரி நிலையத்தில் நின்று செல்கிறது. மூன்று இடங்களும் ஒரே தண்டவாளத்தில் அமைந்தவை.

ஒளிபரப்பு நிலையத்துக்குள் ஒத்தியக்கம் பற்றிய கண்டிப்பு இன்னும் கூடுதல். படக்கூடத்தில் மூன்று நான்கு ஒளிப்படக் கருவிகள் இயங்கும். அவை ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி வரியைத் தொடங்கினால், ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் வீடுகளில் படம் துள்ளும். ஆதலால் தலைமைத் துடிப்புக் கருவி ஒன்று அனைத்துக்கும் ஒரே துடிப்பை வழங்கும். கச்சேரியில் பாடகர், வயலின், மிருதங்கம் ஆகிய மூவரும் ஒரே தாளத்தைப் பின்பற்றுவது போன்றது இது.

ஒளிபரப்பில் இத்துடிப்புக்கு அளிக்கப்பட்ட இடமும் சிந்திக்கத்தக்கது. மலேசியா பின்பற்றிய முறையில், பரப்பும் கருவி தன் முழு ஆற்றலையும் வெளியிட்டது வெண்மையைக் காட்டும்போது அன்று. ஒத்தியக்கத் துடிப்பு செல்லும்போதே. வெண்மை செல்லும்போது அலையின் வலிமை மிகக் குறைந்திருக்கும். அலை நலிந்து புள்ளிகள் கொட்டும் தொலைதூரத் தோட்டப்புறங்களிலும் படம் உருளாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

1978-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனத்தில் வால்ட்டர் புரூக் வகுத்த ‘பால்’ முறையே இங்குக் கொள்ளப்பட்டது. வண்ணத்தைச் சரிவர அறியப் பெட்டிக்கு மற்றுமொரு காலக்குறிப்பு வேண்டும். அதற்காக நொடிக்கு 44 இலட்சம் முறைக்கும் மேல் அலையும் குறியில் ஏறத்தாழ பத்து அலைகளை எடுத்து, ஒவ்வொரு வரியின் பின்திண்ணையிலும் அமர்த்தினர். வழிப்போக்கன் திண்ணையில் தங்குவதால் வீட்டாருக்கு இடையூறு இல்லை. அதுபோலவே வண்ணக்குறியால் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்கும் இடையூறு நேரவில்லை.

தமிழர் நாடுகளும் ஒரே தாளமும்

தமிழர் வாழும் நாடுகளைத் தொலைக்காட்சியின் தாளத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தால் ஒரு புதிய நிலப்படம் கிடைக்கிறது. சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15-இலும், சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இலும், இலங்கையில் 1979-இலும் தொடங்கியது. எல்லாவற்றிலும் வரிகள் 625, அரைப்படங்கள் 50. வண்ணம் வந்தபோது எல்லாம் ‘பால்’ முறையையே தழுவின. இங்கிலாந்தும் ஜெர்மனியும்கூட வண்ணத்துக்கு அதே முறையைக் கொண்டன. கனடாவும் அமெரிக்காவும் 525 வரி முறையில் நின்றன. பிரான்ஸ் வரியில் 625-ஐக் கொண்டு, வண்ணத்தில் வேறு வழி சென்றது.

இப்பிரிவினையின் விளைவு, வீடியோ நாடா வீட்டுக்குள் வந்தபோதே புலப்பட்டது. நாடாவில் படத்தைப் பதியும் முதல் வணிகக் கருவியை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-ஆம் ஆண்டு ஏப்ரலில் காட்டியது. அது ஒளிபரப்பு நிலையங்களுக்கே உரியது. சப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வெளியிட்ட வி.எச்.எஸ். முறையே குடும்பங்களின் கைக்கு எட்டியது. 1980-களில் பிரிக்பீல்ட்ஸ் கடைகளும், கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் உள்ள கடைகளும் தமிழ்ப்பட நாடாக்களை அடுக்கி வைத்திருந்தன. சென்னையிலிருந்து வந்த நாடா இங்கே தடையின்றி ஓடியது. இலண்டன் உறவினர் அனுப்பிய திருமண நாடாவும் ஓடியது. டொரோண்டோவிலிருந்து வந்த நாடாவை இட்டாலோ, ‘பால்’ முறைக்கு மட்டும் உரிய கருவியில் படம் உருளும் அல்லது தோன்றவே தோன்றாது. பேசுவோர் மொழி ஒன்றே; நாடாவின் அளவும் ஒன்றே; தாளம் மட்டும் வேறு. இக்குறையை நீக்கவே பன்முறைக் கருவிகள் கடைகளுக்கு வந்தன.

வீட்டு ஒளிப்படக் கருவிகளும் பெருகிய அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டத்துக் கோயிலின் தீமிதி, தமிழ்ப்பள்ளியின் விளையாட்டு நாள், வரிசை வீட்டு வாசலில் கட்டிய திருமணப் பந்தல் ஆகியவற்றுள் சில, அந்நாடாக்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. தோட்டம் இல்லை, பள்ளி இடம் மாறிவிட்டது, கோயிலும் பெயர்ந்துவிட்டது. ஆகவே நாடாவைக் காப்பது வெறும் பொழுதுபோக்கன்று. உள்ளூர் வரலாற்றைக் காப்பதே ஆகும்.

நாடா தளரும்போது

வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று நொடிக்கு 25 முறை சுழல, அதிலுள்ள இரண்டு தலைகள் நாடாவின்மேல் சாய்வாகக் கீறிச் செல்கின்றன. ஒவ்வொரு சாய்கீற்றிலும் ஓர் அரைப்படம் அடங்கும். நாடாவின் ஓரத்தில், முழுப் படத்துக்கு ஒன்றாக நொடிக்கு 25 துடிப்புகள் தனியே பதிவாகின்றன. கீற்று எங்குள்ளது என்பதைத் தலை அறிந்துகொள்வதற்கு அவை உதவும்.

உருளையின் சுற்றளவையும் வேகத்தையும் கொண்டு கணக்கிட்டால், தலை நாடாவின்மேல் நொடிக்கு ஏறத்தாழ 4.9 மீட்டர் ஓடுகிறது. அப்படியாயின் ஒரு மைக்ரோ நொடி என்பது நாடாவில் ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்கு. நாடா அவ்வளவே நீண்டாலோ சுருங்கினாலோ, 40 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில் அந்த வரி ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இடம்பெயரும். வெப்பமும் ஈரமும் மிகுந்த மலேசிய வானிலையில் முப்பது நாற்பது ஆண்டுகள் கிடந்த நாடா, பதிந்த நாளில் இருந்த அளவிலேயே இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பூஞ்சணமும் படரும். தூண்கள் நெளிவதும், திரையின் உச்சி கொடிபோல் ஒருபுறம் வளைவதும் இதனால் விளைபவை.

பழைய பெட்டிகள் இத்தகைய பிழையைப் பெரிதும் பொறுத்துக்கொண்டன. வரித் துடிப்பு சற்று முந்திப் பிந்தி வந்தாலும் அவற்றின் கற்றை அதனைத் தொடர்ந்து சென்றது. கணினிக்கு மாற்றும் கருவிக்கோ அத்தகைய பொறுமை இல்லை. 1982-இல் உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதியின்படி, நொடிக்கு 1 கோடியே 35 இலட்சம் முறை மின்குறியை அளக்கவேண்டும். 625 வரி முறையில் இது வரிக்கு 864 அளவுகள் ஆகும். அவற்றுள் 720 படத்துக்கு உரியவை. 525 வரி முறையில் வரிக்கு 858. இரு முறைகளுக்கும் ஒரே அளவு வேகம் பொருந்துமாறு அந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது. வரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் 720 புள்ளிகளையும் எங்கே வைப்பது? அதனால் மாற்றும் கருவி முதலில் தேடுவது படத்தை அன்று, துடிப்பையே.

படத்துடிப்பு நலிந்து கருவிக்குப் புலப்படாவிட்டால், அது ஒரு முழுப் படத்தையே விட்டுவிடும். சில கருவிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் 90,000 படங்கள் உள்ளன. அவற்றுள் 25 விடுபட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒலி தன் வழியே முழுமையாக வந்துகொண்டிருப்பதால், படம் ஒலியை ஒரு நொடி முந்திவிடும். நூறு விடுபட்டால் நான்கு நொடி. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் ஒலிக்கும். இத்தகைய பதிவைக் காண்பவர், ஒலிப்பதிவில் குறை என்றே எண்ணுவார். குறை இருப்பது ஒத்தியக்கத்தில்.

கடையில் விற்ற திரைப்பட நாடாக்களில் மற்றொரு தடையும் உண்டு. படியெடுப்பதைத் தடுப்பதற்காக 1985 முதல் சில நிறுவனங்கள், படத்துக்கும் படத்துக்கும் இடையிலுள்ள மறைவரிகளில் பொய்த்துடிப்புகளைச் சேர்த்தன. தொலைக்காட்சிப் பெட்டி அவற்றைப் பொருட்படுத்தாது. பதிவுக் கருவியோ ஏமாந்து படத்தை இருளவும் ஒளிரவும் செய்யும். வலுவிழந்த நாடாவின் மெய்யான துடிப்பையே இத்தகைய பொய்த்துடிப்பு என்று மாற்றும் கருவி சில வேளைகளில் மயங்குவதும் உண்டு.

திருத்தும் வழிகள்

இந்நோய்க்கு மருந்து 1970-களிலேயே தோன்றிவிட்டது. காலத் திருத்தி என்னும் கருவி, தடுமாறி வரும் வரிகளை வாங்கிச் சிறிது நேரம் தன்னிடம் வைத்திருந்து, சரியான தாளத்தில் வெளியிடுகிறது. 1973-இல் அமெரிக்காவில் எண்முறைக் காலத் திருத்தி விற்பனைக்கு வந்தது. முதலில் நிலையங்களுக்கே உரியதாய் இருந்த இது, பின்னர் உயர்தர வீட்டு நாடாக்கருவிகள் சிலவற்றிலும் இடம்பெற்றது.

இதில் இருவகை உண்டு என்பதை அறிந்திருத்தல் நன்று. ஒன்று வரியளவில் திருத்துவது. நெளிந்த தூணை நிமிர்த்துவது அது. மற்றொன்று முழுப் படத்தையே நினைவில் கொண்டு, பழைய துடிப்பை அகற்றிப் புதுத்துடிப்பை இட்டு அனுப்புவது. படம் விடுபடாமல் காப்பது இது. முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னதன் பயனை எதிர்பார்ப்பது தவறு. அண்மைக் காலத்தில் மூன்றாவது வழியும் பிறந்துள்ளது. நாடாக்கருவியின் தலை எடுக்கும் மின்குறியை, அக்கருவியின் பிற சுற்றுகளுக்குள் செல்வதற்கு முன்பே அப்படியே கணினியில் சேமித்து, துடிப்பைத் தேடும் பணியை நிரலிடம் விட்டுவிடுவது அது. இசைத்தட்டுகளில் பெயர்டின் முகங்களை மீட்ட முறையோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு.

மருந்து இருந்தும் காலம் குறுகிவிட்டது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த சப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. மலேசியாவில் பழைய முறை ஒளிபரப்பு 2019-இல் முடிவுற்று எண்முறைக்கு மாறியது. காந்த நாடாக்களைப் படிக்கும் கருவிகளும் உதிரிப் பொருள்களும் 2025-ஆம் ஆண்டளவில் அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் சேர்ந்து 2020-இல் எச்சரித்தன. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே இதே ஆண்டைக் குறிப்பிட்டிருந்தது. அந்த ஆண்டு வந்தும் போயிற்று.

இந்நிலையில் தமிழ்ப்பள்ளிகளும், கோயில் நிர்வாகங்களும், குடும்பங்களும் செய்யக்கூடியன சில உள. அலமாரியில் உள்ள நாடாக்களைக் கணக்கெடுத்து, எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, எந்த நாட்டு முறை என்று எழுதி வைக்கலாம். பூஞ்சணம் பிடித்த நாடாவைத் தூய்மை செய்யாமல் கருவியில் இடலாகாது. அது தலையையும் கெடுத்து அடுத்த நாடாவையும் கெடுக்கும். மாற்றித் தருவோரிடம் காலத் திருத்தி உண்டா, எவ்வகையது என்று கேட்கலாம். மாற்றிய பதிவின் தொடக்கத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், இறுதிப் பகுதியில் வாயசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று நோக்கவேண்டும். அங்கே பொருந்தவில்லையெனில் இடையில் படங்கள் விடுபட்டுள்ளன என்பது பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றம் செய்து முடித்த பிறகும் மூலநாடாவை எறிந்துவிடலாகாது. ஒருமுறை உருண்டும் நெளிந்தும் வந்த படம், வேறொரு கருவியிலும் வேறொரு முறையிலும் நேராக நிற்கக்கூடும். பெயர்டின் தட்டுகளை எவரேனும் பயனற்றவை என்று உடைத்திருந்தால், அவற்றைத் திருத்தும் அறிவு பிறந்த நாளில் திருத்துவதற்கு ஒன்றும் இருந்திராது.